சின்னக் கைத்துப்பாக்கி: உரிமம் முதல் உறை வரை, எந்த வரிசையில் பழகுவது

வேலூர் பக்கம் தற்காப்புக்கு உரிமம் கேட்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த மாடல் வாங்கலாம்?" நகைக்கடைக்காரர், தோல் வியாபாரி, ஒதுக்குப்புறத் தோட்டத்தில் குடியிருப்பவர் என்று யாராக இருந்தாலும் கேள்வி மாறுவதில்லை. அது நாலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் மூன்று வேலைகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பின்னால் தடுமாறுகிறார்கள்.

கீழே உள்ளது முறையான உரிமத்தோடு, பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் நிற்கப் பழகப் போகிறவர்களுக்கானது. படித்துவிட்டுத் தனியாகத் தோப்பில் போய்ச் சுட்டுப் பார்ப்பதற்கு இல்லை. அப்படிச் சுடுவது குற்றமும்கூட.

1. எப்போது சுடக்கூடாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், இந்த எல்லைகளை மனம் ஏற்கவில்லை என்றால் மற்ற எந்தப் படிக்கும் போகவே தேவையில்லை. செலவு மிச்சம்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. 37-ஐ இரண்டு முறை படியுங்கள். போலீஸ் போன்ற அரசு அமைப்பின் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை.

உயிரைப் பறிக்கும் அளவுக்குத் தற்காத்துக்கொள்ளக்கூடிய சூழல்களை 38-வது பிரிவு வரிசையாகச் சொல்கிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமாக அஞ்ச வைக்கும் தாக்குதல், பாலியல் வன்கொடுமை, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு ஆகியவை அதில் வருகின்றன. சொத்துக்கு 41-வது பிரிவு: கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு உடைத்தல் போன்றவை. வெறும் திருட்டு என்றால், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் இருந்தால்தான்.

இதை உங்கள் வாழ்க்கைக்குப் பொருத்திப் பாருங்கள். கிணற்று மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டிருப்பவன் உங்களைக் கண்டதும் ஓடுகிறான். சுட முடியாது. செயினை அறுத்தவன் பைக்கில் ஏறி முதுகைக் காட்டிப் போகிறான். சுட முடியாது. பார்க்கிங் தகராறில் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டுவது தற்காப்பே அல்ல, மிரட்டல். உரிமம் போவதோடு வழக்கும் வரும். வேலூர் கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, உங்கள் தொழிலில் நடக்கக்கூடிய நாலைந்து சூழலைச் சொல்லிக் கேளுங்கள். அவருடைய நம்பரும் அன்றே போனில் ஏறிவிடும். கடைசியில் அது தேவைப்படும்.

2. உரிமத்துக்கு எங்கே, எதோடு போவது

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் கலெக்டர் அலுவலகம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு ஆகியவை சத்துவாச்சாரியில் உள்ள வேலூர் கலெக்டர் அலுவலகம். பழைய பழக்கத்தில் எல்லோரும் சத்துவாச்சாரிக்கே வந்து அலைகிறார்கள்.

21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி தனிநபருக்கான விண்ணப்பம் படிவம் ஏ-1. புகைப்படம், அடையாளம், முகவரி, வயதுச் சான்று, மனநலமும் உடல்நலமும் சரியாக இருப்பதாகவும் போதைப் பழக்கம் இல்லை என்றும் டாக்டர் தரும் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி, பாதுகாப்புப் பயிற்சி முடித்த எஸ்-1 சான்று ஆகியவை வேண்டும். அப்புறம் உங்கள் ஸ்டேஷனிலிருந்து போலீஸ் அறிக்கை போகும்.

தடுக்கி விழும் இடம், காரணம் எழுதும் பத்தி. "பாதுகாப்புக்காக" என்று ஒரு வரி எழுதினால் அதிகாரிக்கு எதுவும் தெரியாது. என்ன தொழில், எந்த வழியில் எந்த நேரம் பணமோ நகையோ எடுத்துப் போகிறீர்கள், முன்பு மிரட்டல் வந்திருந்தால் அதற்குக் கொடுத்த புகாரின் ரசீது என்று ஆதாரத்தோடு எழுதுங்கள். தெரிந்த அரசியல்வாதியின் கடிதத்தைவிட ஒரு சி.எஸ்.ஆர். (ஸ்டேஷனில் தரும் புகார் ரசீது) நகல் மேல்.

மறுத்துவிட்டால் மேல்முறையீடு உண்டு, ஆயுதச் சட்டத்தின் 18-வது பிரிவு. கிடைத்தால் 5 ஆண்டு செல்லும். ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். இரண்டுமே 2019 திருத்தத்தில் வந்த மாற்றம்.

3. துப்பாக்கிக்கு முன் பெட்டி

துப்பாக்கி வந்த அன்றைக்கே அதற்கு இடம் இருக்க வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றவர்களின் துப்பாக்கி அலமாரியில் புடவைக்கு அடியில்தான் தூங்குகிறது. பீரோ சாவி எங்கே தொங்குகிறது என்று வீட்டில் எட்டு வயதுப் பையனுக்கும் தெரியும்.

சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி வாங்குங்கள். தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டி திருடனுக்குச் சௌகரியம். எண் பூட்டு நல்லது, சாவியைத் தேட வேண்டாம். தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு, முடிந்தால் தனி இடம். வீட்டில் மனச்சோர்வில் இருப்பவரோ அதிகம் குடிப்பவரோ இருந்தால் என் கருத்து வெளிப்படையானது: இப்போது வாங்காதீர்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்தைவிட அது பெரிது.

4. வாங்குதல்

குழல் அளவில் 9 எம்.எம். தடைசெய்யப்பட்ட வகை, அதற்கு ஆசைப்பட வேண்டாம். சாதாரண உரிமத்தில் பெரும்பாலும் .32 ரிவால்வர், .32 பிஸ்டல், .22 ஆகியவைதான். அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் ஆறு தோட்டா பிடிக்கும், நடுவில் மடித்துத் திறக்கும் வகை. 2014-இல் கான்பூரிலிருந்து வந்த 'நிர்பீக்' ஏறக்குறைய அரை கிலோ எடையில் அதே .32 தோட்டாவைச் சுடும்.

புதியவருக்கு ரிவால்வரைத்தான் சொல்வேன். திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பிஸ்டல் மெலிது, ஒளித்து எடுத்துப் போகச் சுலபம், ஆனால் காலியா இல்லையா என்பதில் ஏமாற்றும். சின்னது என்பதால் சுலபம் என்று நினைக்காதீர்கள். குழல் குட்டையாக இருந்தால், குறி பார்க்க மேலே இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவு. கண்ணில் படாத சின்னச் சாய்வுகூட இலக்கில் பெரிதாகத் தெரியும். பிடியில் சுண்டு விரலுக்கு இடம் இருக்காது. பழக அதிக நாள் வேண்டும்.

உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்கி, உரிமத்தில் சொன்ன கெடுவுக்குள் துப்பாக்கியைக் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள்.

5. காலி செய்யும் வரிசை

முதல் வாரம் முழுக்க இது ஒன்றுதான். எப்போதும் குழல் பாதுகாப்பான திசையில். சுட முடிவு செய்யும்வரை விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒட்டி நீட்டி. இந்த இரண்டும் கையில் ஊறிய பிறகு மற்றது.

பிஸ்டல் என்றால்: முதலில் மேகசினை (பிடிக்குள் தோட்டாக்கள் அடுக்கிய கூடு) கழற்றுங்கள். அப்புறம் ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) முழுக்கப் பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள். சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பாருங்கள், சுண்டு விரலால் தொட்டும் பாருங்கள்.

வரிசை மாறினால் என்ன ஆகும்? ஸ்லைடை முதலில் இழுத்தால் உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும், ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே ஏறிவிடும். பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு "காலி" என்று நினைப்பார்கள். சேம்பரில் ஒன்று காத்திருக்கும். பழகியவர்கள் கையிலும் வீட்டுக்குள் துப்பாக்கி வெடிப்பது இப்படித்தான்.

ரிவால்வரைத் திறந்து, தோட்டாக்களை வெளியே எடுத்து, ஆறு ஓட்டையும் எண்ணுங்கள். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறினால் வாங்கியவரும் மறுபடி திறந்து பார்க்க வேண்டும். கொடுத்தவர் அப்பாவாக இருந்தாலும் சரி.

6. தோட்டா இல்லாமல் பயிற்சி

நல்ல சுடுபவர் உருவாவது இங்கேதான். செலவும் இல்லை.

தோட்டாக்கள் வேறு அறையில், பூட்டி. துப்பாக்கியை மறுபடி காலி பாருங்கள். இலக்கை ஒட்டும் சுவர் முக்கியம். வேலூரில் பல தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கம் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். வெளிச்சுவரைத் தேர்ந்தெடுத்து, முன்னால் மணல் மூட்டை வையுங்கள். .22 என்றால் போலித் தோட்டா போடாமல் டிரிகரை இழுக்க வேண்டாம், உள்ளே அடிபடும்.

முன்குறியின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கச் சொல்லி, டிரிகரை மெதுவாக, நேராகப் பின்னுக்கு இழுங்கள். நாணயம் விழாமல் 'டிக்' கேட்க வேண்டும். ரிவால்வரின் டிரிகர் கனமானது, புதியவர்கள் கடைசியில் வெடுக்கென்று இழுத்துவிடுவார்கள், நாணயம் உருண்டோடும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். களைத்த கை கெட்ட பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

முடிந்ததும் "பயிற்சி முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பெட்டியில் வையுங்கள். தோட்டா போட்ட பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று இழுத்துத்தான் சுவரில் ஓட்டை விழுகிறது.

7. களத்தில்

மாவட்டத்தில் உங்களை அனுமதிக்கும் களம் எது என்று உரிமப் பிரிவில் கேளுங்கள். இல்லாவிட்டால் சென்னை, திருச்சி போன்ற ஊர்களின் ரைபிள் கிளப்புகளில் சேர வேண்டியிருக்கும். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம்.

மூன்று மீட்டரில் தொடங்குங்கள். அது சிரிப்பாக இருக்கும், முதல் காகிதத்தைப் பார்த்ததும் சிரிப்பு நிற்கும். ஐந்து தோட்டாவும் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தால்தான் ஐந்து மீட்டர், அப்புறம் ஏழு. அதற்கு மேல் இந்த வேலைக்குத் தேவை அரிது.

பிடியில் இரண்டு தவறுகள் ரத்தம் வரவைக்கும். பிஸ்டலில் இடது கட்டை விரலை வலது கையின் மேல், ஸ்லைடுக்குப் பின்னால் குறுக்கே போட்டால் ஸ்லைடு பின்னால் வரும்போது கிழித்துவிடும். ரிவால்வரில் விரல் தோட்டாக்கள் இருக்கும் உருளையின் முன் பக்கம் நீண்டால், உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கிலிருந்து சூடான வாயு பீறிட்டுச் சுடும்.

சத்தத்துக்குப் பயந்து வெடிக்கும் முன்பே குழலைக் கீழே அழுத்துவது எல்லோருக்கும் வரும். கண்டுபிடிக்க வழி: பயிற்சியாளர் உங்களுக்குத் தெரியாமல் நடுவில் ஒரு போலித் தோட்டாவைப் போட்டுத் தரட்டும். வெடிக்காத அந்த ஒன்றில் குழல் தலை குனிந்தால் நோய் தெரிந்துவிட்டது, மருந்து ஆறாவது படி.

சுட்ட தோட்டாக்களைக் குறித்து வையுங்கள், காலிக் கூடுகளையும் எடுத்துவாருங்கள். உரிமத்தில் உள்ள கணக்கோடு எப்போதும் ஒத்துப்போகட்டும். வீட்டுக்குப் போகும் முன் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயத் தூள் இருக்கும்.

8. உறையும் உடையும்

நம் ஊர்ப் பக்கத்துக்கென்றே உள்ள தவறுகள் இங்கேதான்.

முதலாவது, வேட்டி பெல்ட். அகலமான பச்சை பெல்ட்டின் பாக்கெட்டில் பணம், போன், கூடவே துப்பாக்கியையும் செருகிக்கொள்கிறார்கள். டிரிகர் திறந்து கிடக்கும். சாவிக்கொத்து உள்ளே புகுந்து டிரிகரில் மாட்டினால் குழல் பார்ப்பது உங்கள் தொடையை. அந்தப் பாக்கெட்டில் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். துப்பாக்கியோடு போகும் நாளில் பேன்ட், தடித்த பெல்ட்.

இரண்டாவது, "ஆம்பூரில் தெரிந்தவர் தைத்துத் தருவார்" என்ற நம்பிக்கை. தைப்பது அருமையாகத்தான் இருக்கும், ஆனால் அவர்களிடம் கைவசம் இருப்பது ஷூ மேல்பாகத்துக்கான மென்மையான குரோம் தோல். அது தொய்ந்து, துப்பாக்கியை எடுத்ததும் உறையின் வாய் மூடிக்கொள்ளும். திரும்பச் செருகும்போது மடிந்த தோலே டிரிகருக்குள் போகும். தாவரப் பதனீடு செய்த கெட்டியான மாட்டுத்தோல் கேளுங்கள், உங்கள் துப்பாக்கியின் அச்சுக்கே அழுத்தி வார்த்துத் தரச் சொல்லுங்கள். மூன்றைச் சோதியுங்கள்: டிரிகர் வளையம் முழுக்க மூடியிருக்கிறதா, தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் விழாமல் இருக்கிறதா, காலியானாலும் வாய் திறந்தே நிற்கிறதா. ஒன்று தவறினாலும் அந்த உறை பயன்படாது.

மூன்றாவது, கைப்பை. பெண்கள் பலருக்கு இதுதான் சொல்லித் தரப்படுகிறது. விதிகள் உறையையும் முதுகுப்பை போன்ற பையையும் அனுமதிக்கின்றன, ஆனால் துப்பாக்கி முழுக்க மறைந்து, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன. பறிப்பவன் முதலில் இழுப்பதே பையைத்தான். அப்புறம் துப்பாக்கி அவனிடம். உடலோடு உறை பொருத்த முடியாத நாளில் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும்.

எடுக்கும் பயிற்சியைக் காலித் துப்பாக்கியில், பயிற்சியாளர் முன்னால் செய்யுங்கள். இடது கை சட்டையை மார்புவரை தூக்கி அங்கேயே நிற்க, வலது கை உறைக்குள்ளேயே முழுப் பிடியைப் பிடித்து, நேராக மேலே எடுத்து, முன்னால் திருப்பிய பிறகே இரு கையும் சேர வேண்டும். வேகம் பிறகு தானாக வரும். திரும்பச் செருகுவதற்கு அவசரமே கிடையாது. கண்ணால் பார்த்துக்கொண்டே, சட்டை நுனி உள்ளே போகவில்லை என்று உறுதி செய்து செருகுங்கள். வெளியே தொங்கும் சட்டை நம் வழக்கம், அந்த நுனி டிரிகரில் சிக்கினால் விரல் இல்லாமலே வெடிக்கும்.

9. எங்கே கொண்டுபோகக் கூடாது

உரிமத்தில் எந்தப் பகுதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும்: மாவட்டம், மாநிலம் அல்லது இந்தியா முழுவதும். காட்பாடியிலிருந்து கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டினால் ஆந்திரா. சித்தூரில் வசூலுக்குப் போகிறவர்கள் யோசிக்காமல் இடுப்போடு போய்விடுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்ற உரிமத்தோடு எல்லை தாண்டுவது நிபந்தனை மீறல்.

கோயில், ஆஸ்பத்திரி, கோர்ட், பள்ளி, கல்யாண மண்டபம், மதுக்கடை ஆகியவற்றுக்கு வேண்டாம். மண்டபத்தில் குஷியாக வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2 ஆண்டுவரை சிறை அல்லது 1 லட்சம்வரை அபராதம் அல்லது இரண்டும். காரில் விட்டுவிட்டுப் போவதும் தீர்வல்ல, கண்ணாடியை உடைக்க எத்தனை நேரம் ஆகும்? அன்றைய வழியில் இப்படி ஒரு இடம் இருந்தால் காலையிலேயே துப்பாக்கி பெட்டிக்குள் போகட்டும். குடித்தால் தொடவே கூடாது.

10. ராத்திரி சத்தம் கேட்டால்

வீட்டாரை உட்கார வைத்து முன்பே பேசிவிடுங்கள். எல்லோரும் கூட வேண்டியது எந்த அறை, யார் 112-க்கு அழைப்பது, தாத்தா எத்தனை மணிக்குப் பாத்ரூம் போவார். வீட்டைச் சுற்றித் தேடிப் போக வேண்டாம். அறைக்குள் கூடி, கதவைத் தாழிட்டு, "போலீஸுக்குச் சொல்லியாச்சு" என்று உரக்கச் சொல்லிக் காத்திருப்பதே சரி. வந்தவன் ஓடினால் நல்லது.

டார்ச் தனியாக இடது கையில். முகம் தெரியாமல் எதையும் குறி வைக்காதீர்கள். நடுராத்திரியில் கதவைத் தள்ளுவது பெங்களூரிலிருந்து சொல்லாமல் வந்த மகனாகவும் இருக்கலாம்.

11. சுட நேர்ந்துவிட்டால்

ஆபத்து நின்ற கணமே சுடுவதை நிறுத்துங்கள். அடிபட்டவர் யாராக இருந்தாலும் 108. அப்புறம் 112, பெயர், இடம், தாக்கப்பட்டேன் என்பது மட்டும். போலீஸ் உள்ளே வரும்போது கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி, வெறும் கையைக் காட்டுங்கள். கூடு, கத்தி, கவிழ்ந்த நாற்காலி எதையும் நகர்த்தாதீர்கள், அவைதான் உங்கள் பக்கம் பேசும். விவரமான வாக்குமூலம் வக்கீல் வந்த பிறகு. யாரிடமும் வாட்ஸாப்பில் கதை சொல்ல வேண்டாம்.

12. பராமரிப்பும் நாள் கணக்கும்

வேலூர் வெயிலில் இடுப்பில் இருந்த துப்பாக்கி மாலையில் வியர்வை உப்போடுதான் திரும்பும். தினமும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரமே பிடியோரம் செம்புள்ளி தெரியும். தோல் உறைக்குள் வைத்தே பூட்டாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போடுங்கள்.

துப்பாக்கி தொலைந்தால் உடனே ஸ்டேஷனில் புகார், அன்றைக்கே. புதுப்பிக்க உரிமம் முடிய இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்து ஒப்படைக்கச் சொன்னால், துப்பாக்கியின் எண், தோட்டா எண்ணிக்கை இரண்டும் எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டுதான் ஸ்டேஷனை விட்டு வெளியே வர வேண்டும். திரும்ப வாங்கியதும் அங்கேயே காலி பாருங்கள், துருவும் பாருங்கள், ரசீதைக் கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.